மழைக்கு நிற்கும் கத்தி புகைக்கு நிற்காதா?

தோட்டத் தொழிலாளத் தோழர்களே! கிராணிமாரே!

மழை பெய்து மரப்பட்டை நனைந்துவிட்டால் அன்று வெட்டு இல்லை. இதை நமக்கு எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஈரப் பட்டையில் கத்தி வைத்தால் பால் கோட்டில் ஓடாது. பட்டையெங்கும் வழிந்து மழைநீரோடு மண்ணுக்குப் போகும். ஆகவே மண்டோர் வானத்தைப் பார்க்கிறார், மரத்தைத் தடவிப் பார்க்கிறார், இன்று வெட்டு இல்லை என்கிறார். வேலை நிற்கிறது. பாலுக்காக நிற்கிறது.

அதே வானம் சுமத்திராவின் புகையால் மூடிக்கொண்டு, பத்து மரத்துக்கு அப்பால் நிற்கும் ஆள் யாரென்று தெரியாமல், கண் எரிந்து தொண்டை கரகரக்கும் நாளில் என்ன நடக்கிறது? பெரட்டு நடக்கிறது. பெயர் கூப்பிடுகிறார்கள். நிரைக்கு ஆள் போகிறது. பாலுக்குக் கேடு வந்தால் நிற்கும் வேலை, மார்புக்குக் கேடு வந்தால் நிற்பதில்லை. இந்த வழக்கத்தைத்தான் இன்று எடுத்துப் பேச வந்திருக்கிறோம். வழக்கம் என்பதற்காக ஒன்று நியாயம் ஆகிவிடாது.

புகையில் இருப்பது என்ன?

புகைமூட்டத்தைப் பனிமூட்டத்தின் உறவு என்று எண்ணிவிடக்கூடாது. பனி வெறும் தண்ணீர். வெயில் ஏறினால் போய்விடும். இது அப்படியல்ல. சுமத்திராவிலும் கலிமந்தானிலும் சதுப்புக்காடுகளின் அடியில், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கிச் சேர்ந்த தழையும் வேரும் மரமும் பல மீட்டர் ஆழத்துக்குக் கரிய மண்ணாகக் கிடக்கின்றன. தண்ணீரில் ஊறிக் கிடக்கும்வரை அந்த மண் எரியாது. செம்பனைக்கும் காகிதக்கூழ் மரத்துக்கும் நிலம் வேண்டுமென்று வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள். மண் காய்ந்தது. காய்ந்த மண்ணில் தீ பிடித்தால், மேலே அணைந்தாலும் அடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். கொழுந்துவிட்டு எரியும் தீயைவிடக் கனன்று புகையும் தீதான் அதிகப் புகை கக்கும் என்பது, ஈர விறகை ஊதிச் சோறாக்கிய நம் தாய்மாருக்குத் தெரியும்.

அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. பென்சீனும் ஃபார்மால்டிஹைடும் உண்டு. கந்தக வாயுவும் நைட்ரஜன் வாயுக்களும் உண்டு. எல்லாவற்றிலும் கொடியது கண்ணுக்குத் தெரியாத நுண்தூள். 2.5 மைக்ரானுக்கும் சிறிய தூள் என்று அதை அளக்கிறார்கள். நம் தலைமயிர் ஒன்றின் தடிப்பில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு அது. பெரிய தூசியை மூக்கு மயிரும் சளியும் பிடித்துக்கொள்ளும். இதைப் பிடிக்க உடம்பில் வலை இல்லை. நுரையீரலின் கடைசி அறை வரை போய், அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கிறது. ஆகையால் இது வெறும் இருமல் விவகாரம் அன்று. ஈளைக்காரருக்கு இழைப்பு, நெஞ்சு நோயாளிக்கு மாரடைப்பு, இரத்தக்கொதிப்புக்காரருக்குப் பக்கவாதம், கர்ப்பிணிக்கு எடை குறைந்த குழந்தை. வெளிக்காற்றின் மாசு மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2013-இல் அறிவித்துவிட்டது. 24 மணி நேரச் சராசரியில் ஒரு கனமீட்டர் காற்றில் இந்த நுண்தூள் 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று அதே நிறுவனம் 2021-இல் வரம்பு கூறியது. புகைக்காலத்தில் நம் நாட்டுக் காற்றில் அந்த வரம்பைப்போல் பல மடங்கு இருக்கிறது.

காற்று பொது, மூச்சு பொதுவல்ல

துரையும் அதே காற்றைத்தானே சுவாசிக்கிறார் என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும்; கணக்குப் பார்ப்போம்.

ஓய்வாக உட்கார்ந்திருக்கும் மனிதன் நிமிடத்துக்குச் சுமார் ஆறு லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறான். குனிந்து நிமிர்ந்து, மரத்துக்கு மரம் நடந்து, மேடேறி, பால் நிறைந்த வாளியைத் தோளில் சுமப்பவருக்கு அதைப்போல் பல மடங்கு வேண்டும். உழைக்கும்போது வாயாலும் மூச்சு வாங்குகிறோம். மூக்கு செய்யும் கொஞ்சநஞ்ச வடிகட்டலும் அப்போது இல்லை. ஆக, ஒரே புகையில் நின்றாலும், மூடிய ஜன்னலுக்குள் குளிர்சாதனத்தின் கீழ் உட்கார்ந்திருப்பவர் விழுங்கும் நஞ்சும், ஐந்நூறு அறுநூறு மரம் வெட்டும் ஆணும் பெண்ணும் விழுங்கும் நஞ்சும் ஒன்றல்ல.

வேலை நேரத்தையும் பாருங்கள். விடியற்காலையில்தான் மரத்தில் அழுத்தம் மிகுந்து பால் நன்றாக ஓடும். ஆகவே இருட்டிலேயே நெற்றி விளக்கோடு போகிறோம். அந்த நேரத்தில்தான் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து அசையாமல் நிற்கிறது. புகையும் மேலே கிளம்ப வழியின்றித் தரையோடு தங்குகிறது. வெயில் ஏறிக் காற்று கிளம்பிப் புகை சற்றுக் கலையும்போது நம் வெட்டு முடிந்திருக்கும். 2013 ஜூன் 23 அன்று மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746-ஐத் தொட்டது. காலை 7 மணிக்கு எடுத்த கணக்கு அது. காலை 7 மணிக்கு வெட்டுக்காரர் எங்கே நிற்பார் என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை.

200-க்கும் 500-க்கும் நடுவே நிற்பவர் யார்?

வானொலியில் ஐ.பி.யு. என்று சொல்கிறார்களே, அந்தக் குறியீட்டில் 50 வரை நல்ல காற்று. 100 வரை நடுத்தரம். 101 முதல் 200 வரை உடல்நலத்துக்கு ஆகாதது. 201 முதல் 300 வரை மிகவும் ஆகாதது. 300-க்கு மேல் அபாயம். 100-ஐத் தாண்டினால் பள்ளிப் பிள்ளைகளைத் திடலில் ஓடவிடக்கூடாது. 200-ஐத் தொட்டால் பள்ளியையே மூடவேண்டும் என்பது கல்வியமைச்சின் ஏற்பாடு. நல்ல ஏற்பாடு, வரவேற்கிறோம். 500-ஐத் தாண்டினால் அவசரகாலம். 1997 செப்டம்பரில் சரவாக்கில் அப்படி அறிவித்தார்கள். குறியீடு 839 வரை போனது. 2005 ஆகஸ்டில் கோலசிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் அறிவித்தார்கள். 2013-இல் மூவாரிலும் லேடாங்கிலும் அறிவித்தார்கள்.

200-இல் பிள்ளை வீட்டில் இருக்கிறது. 500-இல் ஊரே வீட்டில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, பிள்ளையை லயத்தில் விட்டுவிட்டு வேலைக்காட்டுக்குப் போகும் தாய்க்கு என்ன எண் குறித்து வைத்திருக்கிறார்கள்? பிள்ளையின் நுரையீரலுக்கு ஆகாத காற்று, அதைப் பெற்றவளின் நுரையீரலுக்கு ஆகும் என்று எந்த வைத்தியர் சொன்னார்? தொழில் பாதுகாப்பு இலாகா முதலாளிமாருக்குப் புகைக்கால வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. வழிகாட்டி என்பது யோசனை. அதைப் பின்பற்றும் நிர்வாகத்தாரும் உண்டு, பெட்டியில் போட்டுப் பூட்டும் நிர்வாகத்தாரும் உண்டு.

எண்ணைச் சொல்வதற்கே ஒரு காலத்தில் மனம் வரவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. 1999 முதல் 2005 வரை இந்தக் குறியீட்டு எண்களைப் பொதுமக்களுக்கு வெளியிடாமலே வைத்திருந்தார்கள். சுற்றுலாப் பயணிகள் வரமாட்டார்கள் என்று கவலை! 2005-இல் புகை முற்றியபோதுதான் மூடி திறந்தது. அப்போதும் பெரிய தூளைத்தான் அளந்தார்கள். நுண்தூளைச் சேர்த்துக் குறியீடு கணக்கிடத் தொடங்கியது 2018-இல். இன்றும் அது 24 மணி நேரச் சராசரி. இரவில் திடீரென்று ஏறிய புகை விடியற்காலை எண்ணில் முழுதாகத் தெரியாது. நிலையங்களும் பெரும்பாலும் பட்டணத்தை ஒட்டியே இருக்கின்றன. ஆகவே எண் நல்லதாக இருக்கிறதே, போய் வெட்டு என்று சொல்லும் துரைக்கும் நாம் பதில் சொல்லத் தெரிந்திருக்கவேண்டும்.

மரமும் மூச்சு விடுகிறது

மனிதனைப் பற்றிச் சொன்னால் கேட்காத காது, மரத்தைப் பற்றிச் சொன்னால் கேட்கலாம். அதையும் சொல்லிப் பார்ப்போம்.

இலையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள்ளன. அவற்றின் வழியேதான் மரம் காற்றை வாங்குகிறது. வெயிலையும் காற்றையும் தண்ணீரையும் கொண்டு இலை சர்க்கரை செய்கிறது. அந்தச் சர்க்கரையிலிருந்தே பட்டைக்குள் பால் ஊறுகிறது. அடர்ந்த புகை வெயிலை மறைக்கிறது. தூள் இலைமேல் படிகிறது. இலையின் வேலை குறைகிறது. கந்தக வாயு துளை வழியே புகுந்தால் நரம்புகளுக்கு நடுவே இலை வெளுத்துக் கருகும். ஓசோன் என்ற வாயு ஒன்று உண்டு. உயரே வானத்தில் இருக்கும்வரை நமக்குக் குடை. அதுவே, வண்டிப் புகையும் எரிபுகையும் வெயிலில் வெந்து தரையோரம் உண்டாகும்போது, இலைக்குள் நுழைந்து பச்சையத்தைக் கெடுத்துப் புள்ளி புள்ளியாக்கும். நெல்லும் பயறும் கீரையும் விளைச்சல் குறைவது இதனால்தான். வேலியோரத்து அவரைக்கும் அதே கதிதான்.

மரத்தின் இந்த நோவை நிர்வாகம் அறியாமல் இல்லை. இலையுதிர்ந்து புதுத்தளிர் விடும் காலத்தில் மரத்துக்கு ஓய்வு கொடுப்பதும், வெட்டைக் குறைப்பதும் பல தோட்டங்களில் உள்ள முறை. தளிரில் நோய் கண்டால் கந்தகத் தூள் அடித்த காலமும் உண்டு. மரத்துக்கு ஓய்வு தெரிந்தவர்களுக்கு, மரத்தடியில் நிற்கும் ஆளுக்கு ஓய்வு தெரியவில்லை. வெட்டாத ஒரு நாளில் மரம் ஒன்றும் செத்துவிடாது. பால் மரத்திலேயே இருக்கும். நுரையீரலில் படிந்தது அப்படித் திரும்பி வராது.

தீ தானாகப் பிடித்ததா?

இயற்கையின் சீற்றம், எல்நினோ, வறட்சி என்று காரணம் சொல்வார்கள். வறட்சி தீயை வளர்க்கும், வாய்க்கால் வெட்டாது. வறட்சி வந்த ஆண்டுகளெல்லாம் தண்ணீர் நிறைந்த சதுப்பு எரியவில்லை; வடித்த சதுப்புதான் எரிந்தது. காட்டை அழிக்க எந்திரம் வைத்தால் செலவு, தீக்குச்சி மலிவு. இந்த ஒரு வரிக் கணக்குக்காகத்தான் மூன்று நாட்டு மக்கள் மூச்சு முட்டுகிறார்கள்.

எரிக்காமல் நடவு செய்யவே முடியாதா? முடியும். நம் நாட்டுத் தோட்டங்களிலும் ஒரு காலத்தில் கிழட்டு ரப்பர் மரங்களைச் சாய்த்துக் குவித்துக் கொளுத்தித்தான் மறுநடவு நடந்தது. 1980-களின் இறுதியிலிருந்து, மரத்தைத் துண்டாக்கி மண்ணிலேயே மக்கவிடும் முறை பெரிய தோட்டங்களில் வந்தது. எரு மிச்சம், மண்ணுக்கும் நல்லது. ஆசியான் அமைச்சர்கள் இந்த எரிப்பில்லாக் கொள்கையை 1999-இல் ஏற்றார்கள். எல்லை தாண்டும் புகையைத் தடுக்கும் ஒப்பந்தம் 2002 ஜூன் 10 அன்று கோலாலம்பூரிலேயே கையெழுத்தானது. இந்தோனேசியா அதை உறுதிப்படுத்தியது 2014-இல். பன்னிரண்டு ஆண்டு கழித்து! மறு ஆண்டே, 2015-இல், அங்கே 26 லட்சம் ஹெக்டர் எரிந்தது. சிங்கப்பூர் 2014-இல் சட்டம் செய்தது: வெளிநாட்டில் தீ வைத்துத் தன் நாட்டுக் காற்றைக் கெடுக்கும் நிறுவனத்துக்கும் அபராதம். மலேசியாவிலும் அப்படி ஒரு சட்டம் வரும் என்று 2019-இல் பேச்சு எழுந்தது, 2020-இல் கைவிடப்பட்டது.

எல்லாப் பழியையும் அண்டை நாட்டின்மேல் போட்டு நாம் கை கழுவவும் முடியாது. 2019-இல் இந்தோனேசிய அரசு தீப்பிடித்த நிலங்களுக்கு முத்திரை வைத்தபோது, மலேசிய முதலீட்டில் நடக்கும் நிறுவனங்களின் நிலங்களும் அதில் இருந்தன. அந்த நிறுவனங்கள் தங்கள் விளக்கத்தைச் சொல்லியிருக்கின்றன. யார் சொல்வது சரி என்பதை விசாரணை தீர்க்கட்டும். முதலுக்கு எல்லைக்கோடு இல்லை என்பது மட்டும் தெளிவு.

இந்தோனேசியத் தொழிலாளி நமக்குப் பகைவர் அல்லர். 2015-ஆம் ஆண்டுப் புகையால் அகாலத்தில் மாண்டவர் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கலாம் என்று ஹார்வர்டு, கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் கணித்தார்கள். அதில் மலேசியாவுக்கு 6,500, சிங்கப்பூருக்கு 2,200, இந்தோனேசியாவுக்கு 91,600. இது கணிப்புதான், அதை ஒப்பாத அதிகாரிகளும் உண்டு. ஆனால் பத்தில் ஒரு பங்கே உண்மை என்று வைத்துக்கொண்டாலும், அத்தனை பாடைகளைக் கண்டு வாய்மூடி இருக்க எவரால் முடியும்? முதலில் மூச்சு முட்டுபவர் தீக்குப் பக்கத்தில் இருக்கும் ஏழைதான். இன்று நம் தோட்டங்களில் நம்மோடு நிரை பிடிக்கும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் அவருடைய இனமே, நம்முடைய இனமே. கோரிக்கை எழுதும்போது அவர்களையும் சேர்த்தே எழுதவேண்டும்.

வீட்டுப் புகையும் உண்டு

கடல் தாண்டி வரும் புகையைப் பேசிவிட்டு, காலடிப் புகையை விட்டுவிடலாகாது. ரப்பர் ஆலையில் பால் உறையாமல் இருக்க அம்மோனியா. உறையவைக்கப் பார்மிக் அமிலம். ஷீட் காயும் புகைக்கூட்டில் நாள் முழுதும் விறகுப் புகை. கழிவுக்குளத்தில் அழுகிய முட்டை நாற்றம். இவற்றின் நடுவே எட்டு மணி நேரம் நிற்பவருக்குப் புகைமூட்டம் ஆண்டு முழுதும்தான். குப்பை வண்டி வராத தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக்கும் தழையும் சேர்ந்து எரிகின்றன. பிளாஸ்டிக் புகை நஞ்சு; நம் பிள்ளைகளின் மூக்கருகே அதை எரிப்பதை நாமே நிறுத்தவேண்டும். குப்பை எடுக்க வண்டி அனுப்பு என்று நிர்வாகத்தை நாமே நெருக்கவேண்டும். ஒன்றைச் செய்தால் மற்றதைக் கேட்க வாய் வலுக்கும்.

கூலி போய்விடுமே?

இப்போது உண்மையான முடிச்சுக்கு வருவோம். வெட்டை நிறுத்து என்று சங்கம் சொன்னால், வெட்டுக்காரரே முகம் சுளிப்பார். ஏன்? வெட்டு நின்றால் வருமானம் குறையும். வாடகை நிற்காது, பள்ளிச் செலவு நிற்காது, கடைக்காரர் கணக்கு நிற்காது. மார்பு வலியோடு ஒருவர் நிரைக்குப் போவது அறியாமையால் அல்ல, அடுப்பால். ஆகவே கூலியில்லாத ஓய்வை ஓய்வு என்று எவரும் நமக்கு விற்க வரவேண்டாம், அது தண்டனை. புகையை நாம் மூட்டவில்லை. நாம் மூட்டாத தீக்கு நம் கூலியிலிருந்து அபராதம் கட்டமாட்டோம்.

விலை சரிந்துவிட்டது, தோட்டம் தாங்காது என்பார் துரைமார். ரப்பர் விலை ஏறிய ஆண்டுகளில் புகைநாள் கூலி தந்தார்களா? மழை நாளின் நட்டத்தைக் கணக்கில் எழுதித் தாங்கும் தோட்டம், புகை நாளின் நட்டத்தையும் எழுதித் தாங்கட்டும்.

சட்டமும் நம் பக்கம் ஓர் அடி வந்திருக்கிறது. 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. வேலையிடத்தில் உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக்கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. ஆனால் புகைக் குறியீடு இத்தனையைத் தொட்டால் ஆபத்து என்று எண் எழுதவில்லை. எண் இல்லாத உரிமையை வைத்துத் தனியாளாக ஒருவர் நிரையை விட்டு வந்தால் என்ன நடக்கும் என்பதை நாம் அறிவோம். அந்த எண்ணைக் கூட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவதுதான் சங்கத்தின் வேலை.

நாம் கேட்பது இவையே:

1. புகைக்காலத்தில் ஒவ்வொரு நாளும் பெரட்டில் குறியீட்டு எண்ணை எல்லாத் தொழிலாளர்க்கும் புரியும் மொழிகளில் வாசிக்கவேண்டும். நிலையம் தொலைவில் உள்ள தோட்டங்களில் நுண்தூள் அளக்கும் கருவி வைக்கவேண்டும்.

2. எண் 100-ஐத் தாண்டினால் என்95 முகக்கவசம் இலவசமாகக் கொடுக்கவேண்டும். கைக்குட்டையும் துணிக் கவசமும் நுண்தூளைத் தடுக்கா. கர்ப்பிணிகளுக்கும் ஈளை, நெஞ்சு நோய் உள்ளவர்களுக்கும் கூலி குறையாமல் புகை குறைந்த இடத்தில் இலேசான வேலை தரவேண்டும். மற்றவர்களுக்கு மரக்கணக்கைக் குறைக்கவேண்டும்.

3. எண் 200-ஐத் தொட்டால், பிள்ளைகளுக்குப் பள்ளி மூடுவதுபோல் பெரியவர்களுக்கு வெட்டும் வெளிவேலையும் நிற்கவேண்டும். அன்றைய நாட்கூலி முழுதாக வரவேண்டும். முகக்கவசத்தைக் கொடுத்துவிட்டு வெட்டச் சொல்லும் தந்திரம் கூடாது. புழுக்கத்தில் அதை மாட்டிக்கொண்டு அறுநூறு மரம் வெட்டிப் பார்த்தவருக்கு அது தெரியும்.

4. ஆலையிலும் புகைக்கூட்டிலும் காற்றோட்டம், கவசம், ஆண்டுதோறும் நுரையீரல் பரிசோதனை.

5. ஒப்பந்தத்துக்கு வெளியே இருப்போரையும் காக்க அரசாங்கம் இதைச் சட்டமாக்கவேண்டும். இன்று நாட்டின் ரப்பர் நிலத்தில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் சிறுதோட்டக்காரர் கையில் இருக்கிறது. அங்கே வெட்டும் ஏழைக்கு ஒப்பந்தமும் இல்லை, பெரட்டும் இல்லை. எல்லை தாண்டும் புகைக்கான சட்டமும் மீண்டும் எழவேண்டும்.

கிராணிமாருக்குத் தனியே ஒரு சொல். செக்ரோல் எழுதும் கை நம்முடையது. புகைநாளில் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் அன்றைய எண்ணைக் குறித்து வையுங்கள். இருமலும் இழைப்புமாக டிரெஸரிடம் போனவர் எத்தனை பேர் என்பதையும் குறியுங்கள். பெயர் வேண்டாம், தொகை போதும். பேச்சுவார்த்தை மேசையில் துரைமார் கணக்கைக் காட்டுவார்கள். நம்மிடமும் ஒரு கணக்கு இருக்கவேண்டும்.

வெட்டுக்காரத் தோழர்கள் செய்யவேண்டியது வேறொன்று. அடுத்த வறட்சி வந்து வானம் மங்கும்வரை காத்திருக்கவேண்டாம். காற்று தெளிவாக இருக்கும் இந்நாளிலேயே உங்கள் கிளைக் கூட்டத்தைக் கூட்டுங்கள். இந்த ஐந்தையும் தீர்மானமாக எழுதி, கையெழுத்திட்டுத் தலைமையகத்துக்கு அனுப்புங்கள். மூச்சு முட்டும் நாளில் கூட்டம் போட்டுப் பேச முடியாது. மழைக்கு நிற்கும் கத்தி புகைக்கும் நிற்கவேண்டும். நின்ற நாளின் கூலியும் வீடு வந்து சேரவேண்டும். அதுவரை இதைச் சொல்லிக்கொண்டே இருப்போம்.